காரமா, கவலையா, கிருமியா?

திருவரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு வீட்டை நாம் நெடுங்காலமாக அறிவோம். அவ்வீட்டுப் பெரியவர் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைத் தாண்டியவர். மேற்சட்டையின்றி அவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரை நீண்டு செல்லும் தழும்பு ஒன்று நம் கண்ணில் படும். 1977-ஆம் ஆண்டில் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையின் அடையாளம் அது.

அதற்கு முன் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார். ஒரு வாய்ச் சோறோ பாலோ உள்ளே சென்றால் சற்றுத் தணியும். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எரியும். சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே காலம் தள்ளினார். இறுதியில் இரைப்பையின் வாய் சுருங்கி, உண்டதெல்லாம் வாந்தியாக வெளிவரவே, அறுவை செய்வது தவிர வேறு வழியில்லை என்றாயிற்று.

இந்த நோய்க்குக் காரணம் யாது? உறவினர் அனைவரும் ஒரே குரலில் விடை கூறினர். ‘மருமகளின் கைக்காரந்தான் மகன் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது’ என்றார் பெரியவரின் தாயார். ‘நேரத்துக்கு உண்ணாமல் ராத்திரி வேலை பார்த்தால் வேறென்ன வரும்?’ என்றனர் உடன் பணியாற்றியோர். ‘கவலைப்படுகிற சுபாவம்’ என்றனர் சிலர். பழி பெரும்பாலும் வந்து சேர்ந்த இடம் அடுப்படியே. அன்று முதல் இன்று வரை அவ்வீட்டுக் குழம்பில் இரண்டு மிளகாய் வற்றலுக்குமேல் விழுந்ததில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அம்மையார் அப்பழியை வாய் திறவாமல் சுமந்து வந்தார்.

அண்மையில் அவர்களுடைய மகனுக்கும் அதே வலி கண்டது. அதே நள்ளிரவு எரிச்சல். அதே பசி வலி. திருச்சியில் உள்ள ஒரு மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றபோது, அம்மையாருக்குத் துணையாக நாமும் உடன் சென்றிருந்தோம். எண்டோஸ்கோப்பிக் குழாயை வாய் வழியே செலுத்திப் பார்த்த மருத்துவர், சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருப்பதைக் கண்டார். இரைப்பையிலிருந்து கடுகளவு சதையையும் கிள்ளி எடுத்துச் சோதித்தார். பின்னர் எங்களை அழைத்து, “புண்ணுக்குக் காரணமான கிருமி இருக்கிறது. பதினான்கு நாள் மாத்திரை சாப்பிட்டால் போதும்” என்றார்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “டாக்டர், அப்படியென்றால் காரம் காரணமில்லையா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. அதற்கு மருத்துவர் அளித்த விடையை இறுதியில் கூறுவோம். அவ்விடையின் முழுப் பொருளும் விளங்க வேண்டுமாயின், முதலில் அக்கிருமியின் வரலாற்றைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

அமிலத்தில் வாழும் அதிசயம்

நம் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அதில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலமாக நம்பி வந்தது. ‘அமிலமில்லையேல் புண்ணில்லை’ என்பது அக்காலத்து மருத்துவர்களின் மூல மந்திரம்.

ஆஸ்திரேலிய நாட்டின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரில், அரச பெர்த் மருத்துவமனையில் நோய்க்கூறு வல்லுநராகப் பணியாற்றியவர் ராபின் வாரன். 1979-ஆம் ஆண்டில், ஒரு நோயாளியின் இரைப்பைச் சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அவர், வளைந்த வடிவுடைய நுண்ணுயிர்கள் கூட்டமாக ஒட்டியிருப்பதைக் கண்டார். இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்ற நோயாளிகளிடத்தில் அவை மீண்டும் மீண்டும் காணப்பட்டன. 1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். இருவரும் நூறு நோயாளிகளைத் தேர்ந்து ஆராயத் தொடங்கினர்.

கண்ணால் கண்ட கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டினால் அல்லவா உலகம் ஏற்கும்? ஆனால் எத்தனை முறை முயன்றும் அது வளரவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்ப்பது, ஒன்றும் முளைக்கவில்லையெனில் தட்டை எறிந்துவிடுவது என்பது அங்கு வழக்கம். 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஈஸ்டர் விடுமுறை வந்தது. நீண்ட விடுமுறையாதலின் தட்டுகள் எவராலும் கவனிக்கப்படாமல் பல நாட்கள் அப்படியே கிடந்தன. விடுமுறை முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! இரண்டு நாளில் வளராதது, பொறுத்திருந்தபோது தன்னை வெளிப்படுத்திக்கொண்டது.

அந்த நூறு பேரில், சிறுகுடல் தொடக்கத்தில் புண் இருந்தவர்கள் 13 பேர். அந்த 13 பேரிடத்திலும் கிருமி இருந்தது. இரைப்பையிலேயே புண் இருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் அது காணப்பட்டது.

உலகம் எளிதில் நம்பவில்லை. எனவே 1984-இல் மார்ஷல், தம் இரைப்பையில் கிருமி இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்துகொண்டபின், வளர்த்த கிருமியைக் கரைத்துத் தாமே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தியும் வாய் நாற்றமும் கண்டன. உள்ளே சோதித்துப் பார்த்தபோது இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்றிருந்தது. இவ்வாறு பிறரைக் கொண்டு செய்ய இயலாத சோதனையைத் தம் உடலிலேயே அவர் செய்து காட்டினார். 1989 முதல் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் பெயரால் அக்கிருமி வழங்கி வருகிறது. 2005-ஆம் ஆண்டு வாரன், மார்ஷல் இருவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் இக்கிருமி எவ்வாறு பிழைக்கிறது? நம் வயிற்றில் சிறிதளவு யூரியா எப்போதும் உண்டு. அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றும் ஆற்றல் இதற்கு உண்டு. அம்மோனியா அமிலத்தை முறிக்கும். இப்படித் தன்னைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையத்தை அமைத்துக்கொண்டு, திருகாணி போன்ற தன் உடலைச் சுழற்றி, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் கொழகொழப்பான சளிப் படலத்துக்குள் புகுந்துவிடுகிறது. நாளடைவில் அச்சுவர் வலுவிழக்கிறது. அமிலச் சுரப்பும் நிலைகுலைகிறது. பலவீனமான இடத்தில் புண் தோன்றுகிறது.

நம் நாட்டில் கண்டவை

வயிற்றுப்புண் தென்னிந்தியருக்கு மிகப் பழகிய நோய். ரயில்வே மருத்துவராயிருந்த மல்ஹோத்ரா என்பார், இந்திய ரயில்வே ஊழியர்களிடையே இந்நோயை ஆராய்ந்து 1964-இல் கட்டுரை வெளியிட்டார். அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் இந்நோய் மிகுதி என்றும், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்றும் அவர் கண்டார். அதே காலத்தில் மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவரும் இவ்வேறுபாட்டைக் கவனித்து, பின்னாளில் பல ஆண்டுகள் அதைப் பற்றி எழுதி வந்தார்.

பொன்மலைப் பெரியவர் அறுவை மேசையில் கிடந்தது அந்தக் காலத்தில்தான். அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு புதிதாக இணைத்துத் தைப்பது அன்றைய முறை. அதனால் உயிர் பிழைத்தோர் ஆயிரக்கணக்கானோர். அன்றைய மருத்துவர்கள் தாம் அறிந்த அளவில் நல்லதையே செய்தனர். கிருமியே புண்ணுக்குக் காரணம் என்பதை அவர்கள் மட்டுமன்று, மருத்துவ உலகமே அன்று ஏற்றிருக்கவில்லை.

எத்தனை பேரிடம் இருக்கிறது?

இங்கேதான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இக்கிருமி அபூர்வமான ஒன்றன்று. 2015-ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 440 கோடிப் பேரின் வயிற்றில் இது இருந்ததாக, 2017-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு மதிப்பிட்டது. உலக மக்களில் பாதிக்கு மேல் என்று பொருள். இந்தியாவிலோ நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் என்பது அதே மதிப்பீடு.

சிறுகுடற் புண் உள்ளவர்களைச் சோதித்தால் மிகப் பெரும்பாலோரிடம் இக்கிருமி இருக்கும். இரைப்பைப் புண் உள்ளவர்களிடம் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் ‘அஜீரணம்’, ‘வாயு’, ‘ஏப்பம்’, ‘சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது’ என்று வருவோரைச் சோதித்தால் என்ன தெரியும்? அவர்களிலும் பலரிடம் கிருமி இருக்கும். ஆயினும் அவர்தம் அண்டை வீட்டில் எந்த நோயுமின்றி நலமாக இருப்பவரிடமும் அதே கிருமி இருக்கக்கூடும்! பத்துப் பேரில் ஆறு பேரிடம் இருக்கும் ஒன்று ஒரு நோயாளியிடமும் இருக்கிறது என்பதனாலேயே அவருடைய வலிக்கு அதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா?

கிருமி உள்ளவர்களில் வாழ்நாளில் புண் காண்போர் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேரே. எஞ்சியோர் பெரும்பாலும் யாதொரு துன்பமும் அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். புண் இல்லாத வெறும் அஜீரணத்திற்குக் கிருமியை ஒழித்தால் குணமடைவோர் ஒரு சிறு பகுதியினரே. புண் உள்ளவருக்கோ அது பெருவரம். ஏனெனில் கிருமி ஒழிந்தபின் அப்புண் திரும்ப வருவது அரிதாகிவிடுகிறது.

எனவே, ‘எனக்கும் அந்தக் கிருமி இருக்கிறதாம்’ என்று அஞ்சி நடுங்கவும் வேண்டாம். ‘எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். யாருக்குத் தேடிப் பார்க்க வேண்டும், கண்டபின் யாருக்கு மருந்து வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வயிற்றுப்புண் உள்ளவர், முன்பு இருந்தவர், நெடுநாள் அஜீரணத்தால் வருந்துவோர், இரைப்பைப் புற்றுநோய் கண்டவரின் உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர் சோதித்துக்கொள்வது நன்று.

புற்றுநோய் என்ற சொல்லைக் காரணத்தோடுதான் எழுதுகிறோம். 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இக்கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கே அது நேரிடுகிறது என்பது உண்மை. எனினும் தமிழ்நாட்டு ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாகவே முன்வரிசையில் நிற்கும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது. புகையிலையும், ஊறிய உப்புப் பண்டங்களின் மிகுதியும் அதற்குத் துணை போகின்றன.

எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலோர்க்கு இக்கிருமி சிறு வயதிலேயே, அதுவும் வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடுகிறது. ஒருவர் வாயிலிருந்தும், வாந்தியிலிருந்தும், மலத்திலிருந்தும் மற்றவர்க்குச் செல்கிறது. நெருக்கமான வீடு, பலர் ஒன்றாய்ப் படுத்துறங்கும் அறை, கை கழுவ நீர் இல்லாமை ஆகியவை அதற்குச் சாதகமானவை. அசுத்த நீரும் அதைக் கொண்டு வரலாம் என்று கருதப்படுகிறது. காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் ஓடினும், குழாய் நீர் வீட்டுக் குடத்தை அடைவதற்குள் அசுத்தம் சேர எத்தனையோ வழிகள் உண்டு. காய்ச்சிய நீரைப் பருகுவதும், மலம் கழித்த பின்னும் உணவைத் தொடுமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவுவதும், தாய் தன் வாயில் மென்ற உணவைக் குழந்தைக்கு ஊட்டாதிருப்பதும் நம்மால் இயலும் தற்காப்புகள்.

இவற்றைப் படித்து, ‘அப்படியானால் குழந்தைக்கு நோய் தந்தவள் நானா?’ என்று எந்தத் தாயும் வருந்த வேண்டாம். அடுப்படியிலிருந்து இறக்கிய பழியைத் தொட்டிலின்மீது ஏற்றுவது நம் நோக்கமன்று.

சோதனையும் சிகிச்சையும்

சோதனைகள் பல உண்டு. எண்டோஸ்கோப்பியின்போது எடுக்கும் சிறு சதையை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கலவையில் இட்டால், கிருமி இருப்பின் அது சிவந்துவிடும். குழாய் விழுங்காமலே செய்யும் மூச்சுச் சோதனையும் மலச் சோதனையும் உண்டு. இரத்தச் சோதனையோ என்றோ வந்து போன கிருமியையும் காட்டும். குணமடைந்த பின்னும் காட்டும். ஆதலின் அதை மட்டும் நம்பி மருந்து உண்பது முறையன்று. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளை நான்கு வாரமும் மருத்துவர் சொற்படி நிறுத்திய பின்னரே சோதனை சரியாக அமையும். எனவே இன்னின்ன மாத்திரை உண்டு வருகிறோம் என்பதை மறைக்காமல் கூறிவிட வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் பதினான்கு நாள். அமிலத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மருந்தும், இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளும், சிலருக்குப் பிஸ்மத் என்னும் மருந்தும் சேர்த்துத் தரப்படும். வாய் கசக்கும், குமட்டும், வயிறு இளகும். ஐந்தாம் நாள் வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் நம்மில் பலர். இது பெருந்தவறு. பாதி மருந்தில் பிழைத்த கிருமி அம்மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. காய்ச்சலுக்கும் பேதிக்கும் நாமே கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகளின் விளைவாக, மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு நம் நாட்டில் இக்கிருமி பெரிதும் பணிவதில்லை. எனவே முதல் முறையே முழுமையாக உண்டு முடித்தல் வேண்டும். முடித்து நான்கு வாரங்கள் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

திருச்சியில் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. பணமில்லையே என்று சோடா உப்பிலேயே காலம் கழிப்போர் அங்கே சென்று காட்டலாம்.

மற்றொரு பகைவன்

வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி ஒன்றே காரணமன்று. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் நாம் நாள்தோறும் விழுங்கும் ஆஸ்பிரின், டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்குவதில் கிருமிக்குச் சற்றும் சளைத்தவையல்ல. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. வெறும் வயிற்றில் வலி மாத்திரை உண்ணும் முதியோர் இல்லாத தெரு திருச்சியில் உண்டா? ஆனால் இதயத்திற்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினை எவரும் தாமே நிறுத்திவிடக் கூடாது. கேட்டே செய்ய வேண்டும். புகைப்பதும் மதுவும் புண் ஆறுவதைத் தடுப்பவை.

ஒருசந்தி இருப்பதனாலோ ஏகாதசி விரதத்தாலோ அல்சர் வருவதில்லை. ஆயினும் புண் ஆறாத நிலையில், மருந்து உண்டுவரும் நாட்களில், நோன்பு இருக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே நலம். நோயாளியை நோன்பிற்குக் கட்டாயப்படுத்தும் சமயம் எதுவும் இல்லை.

மலம் தார் போல் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் இளைத்தல், இரத்தசோகை, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தோன்றும் வயிற்று வலி ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் கைவைத்தியத்தில் ஒரு நாளும் கழிக்கலாகாது. மோரும் மணத்தக்காளிக் கீரையும் நல்ல உணவுகளே. ஆனால் அவை கிருமியை ஒழிக்கமாட்டா.

அம்மையாருக்குக் கிடைத்த விடை

இனி, கதை தொடங்கிய இடத்துக்கு வருவோம். அம்மையார் கேட்ட கேள்விக்கு மருத்துவர் சொன்ன விடை இதுதான்:

“அம்மா, புண் இருக்கும்போது காரம் பட்டால் சிலருக்கு எரியும். ஆனால் புண்ணை உண்டாக்குவது காரமன்று. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் காலத்தில் யாரும் கிருமியைத் தேடவில்லை. அதனால் அவருக்கு இதுதான் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவருக்கு வந்த மாதிரிப் புண் வந்தவர்களில் முக்கால்வாசிக்கு மேல் இந்தக் கிருமிதான். உங்கள் சமையல் இல்லை.”

அம்மையார் ஒன்றும் கூறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகனுக்கு நாள்தோறும் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை அவரே ஏற்றார். பதினான்கு நாளும் ஒருவேளைகூடத் தவறவில்லை. பின்னர் செய்த மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்தது.

சென்ற வாரம் அவ்வீட்டிற்கு நாம் சென்றிருந்தோம். பகல் உணவுக்கு நம்மையும் அமர்த்தினர். வத்தக்குழம்பு வைத்திருந்தார்கள். பெரியவர் முதல் கவளத்தை உண்டதும் நிமிர்ந்து பார்த்து, “இன்றைக்குக் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே” என்றார்.

“ஆமாம்” என்றார் அம்மையார், “நான்கு மிளகாய் போட்டேன்.”

பெரியவர் மறுபடியும் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

நம் இல்லங்களில் ஒருவர் நோயுற்றால், ‘யாரால் வந்தது?’ என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. ‘எதனால் வந்தது?’ என்று கேட்கப் பழகுவோமாக. முதற்கேள்வி ஒருவரைப் புண்படுத்தும்; இரண்டாவது கேள்வியோ ஒருவரது புண்ணை ஆற்றும்.